அரைக்கால்

அதே வட்டம்தான்.
கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய
எட்டுத் துண்டுகள்.
ஒன்று மட்டும் காப்பித்தூள் பெட்டியின் பழுப்பு.
அசல் துண்டை நாலாம் வகுப்புச் சின்னப்பொண்ணு
வீட்டுக்குக் கொண்டுபோனாள், திரும்பி வரவில்லை.

மஞ்சக்குட்டையில் சிக்னல் கிடைப்பது
பள்ளிக்கு மேலே, சில்வர் ஓக் வளைவில்.
அங்கே நின்றுதான் பார்த்தேன்:
ஆத்தூரிலிருந்து யாரோ அனுப்பிய படம்,
கீழே "எனது தயாரிப்பு".
என் மேசைவிரிப்பின் மைக்கறைகூட அப்படியே.
பெயர் எழுதிய ஓரத்தை மட்டும் காணோம்.

தட்டினேன், பெரிய பெரிய சொற்களாக.
"உழைப்பு" என்ற இடத்தில் விரல் நின்றது.

ஓமலூர் ஜெசிந்தா.
மூன்று வருடம் முன்பு சேலத்துப் பயிற்சியில்,
சாப்பாட்டு இடைவேளையில்,
தக்காளிச் சோறு வந்த அட்டையைக் கிழித்து
அரை, கால், அரைக்கால் என்று
என் முன்னால் அடுக்கியவர்.

அந்தப் பெயரை நான் வெட்டவில்லை.
எழுதியிருந்தால்தானே வெட்டுவதற்கு.

அழித்துவிட்டு மறுபடி தட்டினேன்:
"யோசனை ஜெசிந்தா, ஓமலூர்.
பத்திரிகையில் வெட்டியது வேதவல்லி, மஞ்சக்குட்டை.
பழுப்புத் துண்டு சின்னப்பொண்ணு தயவு.
அட்டை தந்தவர் யாரென்று தெரியாது,
பின்பக்கம் மாப்பிள்ளை பெயர் பாதி இருக்கும்."

மிளகு மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று கடந்தது.

பதில் வந்தது.
"மன்னிக்கணும் டீச்சர்.
பொத்தான் மட்டும் என்னுடையது."
கூடவே ஒரு சின்ன வீடியோ:
வேறு மேசை, வேறு அட்டை,
நடுவில் நீலச் சட்டைப் பொத்தான்,
அதைப் பிடித்துக்கொண்டு
எட்டுத் துண்டும் சுழல்கின்றன.

என் வட்டம் ஒருநாளும் சுழன்றதில்லை.

"உங்கள் பெயர்?" என்று கேட்டேன்.
சிக்னல் போயிற்று.