உப்பு

தெமட்டகொடையில் ஏழாம் மாடி. இரவு ஒன்றே கால்.
கொழும்பு ஒரு வருடம் குடித்த தண்ணீரை
முப்பத்திரண்டு மெசின்களுக்குப் பங்கு வைத்திருக்கிறேன்,
பந்திக்கு இலை போட்ட மாதிரி.
தன் இலையில் விழுந்ததைத் தான்தான் கூட்ட வேண்டும்.
பக்கத்து இலையைப் பார்ப்பதற்கில்லை.

வீட்டிலக்கத்தை வைத்துத்தான் பங்கு:
ஒரே இலக்கம் என்றால் ஒரே இலை.
விதியை எழுதியது நான்.

வெள்ளவத்தை முடிந்தது.
கறுவாத்தோட்டம், நீச்சல் குளங்களோடு சேர்த்து,
நான் பிளேன் டீ ஊற்றுவதற்குள் முடிந்தது.
கண்ணாடிக்குப் பின்னால் முப்பத்தொரு மெசின்கள்
கையலம்பிவிட்டுச் சும்மா இருக்கின்றன.

பதினேழாவது மட்டும் இலையை விட்டு எழும்பவில்லை.
தொண்ணூற்றொன்பது வீதம்.
நாற்பது நிமிடமாய்த் தொண்ணூற்றொன்பது வீதம்.
விக்கி விழுந்தது. எழுப்பினேன்.
மறுபடி அதே இலை, அதே விக்கல்.

பியூமி வீட்டிலிருந்து எழுதுகிறாள்:
அந்த ஒன்றை வெட்டிவிடு,
மொத்தத்தில் ஒரு வீதம்கூட வராது,
எட்டு மணிக்கு அறிக்கை போக வேண்டும்.

திறந்து பார்த்தேன்.
கிராண்ட்பாஸ். இலக்கம் 214.
214, 214,
கீழே இழுக்க இழுக்க 214.
மீட்டர் ஆயிரத்து நூறு. கதவிலக்கம் ஒன்று.
மாநகரசபைக்கு அது ஒரு வளவு.

இந்த வேலைக்கு என்னை எடுத்த கடிதமும்
அந்த இலக்கத்துக்குத்தான் வந்தது.
சலூனில் இரண்டு நாள், இறைச்சிக் கடையில் ஒரு நாள்,
பிறகு ஃபரீனாவின் மகன் கொண்டுவந்து தந்தான்,
யாரோ பிரித்து, திரும்ப ஒட்டிய உறையோடு.

வெட்டவில்லை.

இதற்கு எங்கள் தொழிலில் உப்புப் போடுவோம்.
சொல்லே அதுதான், நான் வைத்ததில்லை.
இலக்கத்தின் வாலில் ஒரு சிட்டிகை:
214க்குப் பக்கத்தில் பொய்யாய் ஓர் எண்,
பூச்சியத்திலிருந்து முப்பத்தொன்றுக்குள்,
கண்ணை மூடிக்கொண்டு போட்டது.
இனி எல்லா இலையிலும் கொஞ்சம் விழும்.

சும்மா இருந்த காற்றாடிகள் எல்லாம் இரைந்தன.
ஆறு நிமிடம்.

பிறகு உப்பைக் கழுவ வேண்டும்.
துண்டு துண்டாய் வந்த தொகைகளைக் கூட்டி
பழையபடி ஒரே வரி: 214.
ஒரு வீதம் இல்லை. நாலு.

பியூமி ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.

விடியப்புறம் த்ரீவீல்காரர் கேட்டார், எங்கே இறங்க.
கிராண்ட்பாஸ், இருநூற்றுப் பதினாலு.
"அதுல எந்த வீடு, மிஸ்?"
நீலத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே என்றேன்.

அதுவும் அங்கே ஆறு இருக்கிறது.