லோடு

கொட்டகைக்கு அறுபது குண்டு பல்பு,
ஒவ்வொன்றும் நூறு வாட்.
ஆறாயிரம் என்பது எனக்கு எண் இல்லை.
மெயின் ஸ்விட்சைத் திறந்தால்
முகத்தில் அடிக்கும் கருகல் வாடை.

வஃப்ராவில் வெயில் இறங்கிய கையோடு
இந்த அறுபதும் ஷிப்டுக்கு ஏறிவிடும்.
ஆகஸ்டில் கோழிகள் அலகைப் பிளந்து மூச்சிரைக்கும்.
அதற்கென்று ஒரு கூலர்.
கூலருக்கென்று இன்னொரு வயர்.
வயர் சூடேறி உறை இளகி
நான் டேப் சுற்றி, மேலும் டேப் சுற்றி.
பல்பை அணைத்தால் முட்டை குறையும்,
எரித்தால் கோழி குறையும்.

எங்கள் அறைக்கு ஏசி கேட்டோம்.
பூ நாசர் மறுக்கவில்லை.
அவர் எதையும் மறுப்பவர் இல்லை.
மீட்டர் பெட்டிப் பக்கம் விரலை நீட்டினார்:
லோடு தாங்காது.
மூன்று கோடை, அதே பதில், அதே விரல்.
பொய்யாக இருந்திருந்தால்
சண்டையாவது போட்டிருப்பேன்.
எலெக்ட்ரீஷியன் நான்தான்.
தாங்காது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.
ஷொஹிதுல் துண்டை நனைத்துப் போர்த்திக்கொண்டு
தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்த இடத்தில் படுப்பான்.
இரவில் நிழல் ஏது என்று கேட்டால்
பகலில் விழுந்தது மிச்சம் இருக்கும் என்பான்.

போன வருடம் ஒரே இரவில் மூன்று முறை ட்ரிப்.
விடிந்தபோது நானூறு கோழி.
குழி தோண்டினோம்.
அன்றைக்குத்தான் பூ நாசரின் மகள் கனீமா
காலி முட்டை அட்டையின் பின்புறத்தில்
பேனாவால் கணக்குப் போட்டாள்.

பெட்டிகள் நோன்புப் பெருநாள் கழித்து வந்தன.
ஒன்பது வாட்.
ஷொஹிதுல் ஒன்றைத் தூக்கிப் பார்த்து
உள்ளே ஒன்றும் இல்லை என்று
திருப்பிக் கொடுக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை மெயினை இறக்கிவிட்டு ஏணி ஏறினேன்.
ஹோல்டர் எல்லாம் துரு, இறகுத் தூசி, ஈயின் எச்சம்.
ஏழு பல்பு கையோடு உடைந்து
கழுத்து மட்டும் மாட்டிக்கொண்டது.
பாதியாக நறுக்கிய உருளைக்கிழங்கை அமுக்கித் திருகினால்
வரும்.
வந்தது.
அன்றைய குழம்பில் அந்த ஏழு மட்டும் இல்லை
என்று ஷொஹிதுல் சத்தியம் செய்தான்.

மெயினைத் தூக்கினேன்.
வெளிச்சம் வந்தது, சத்தம் வரவில்லை.
மூக்கைப் பெட்டியருகே வைத்து நின்றேன்,
பழக்கதோஷம்.
கோழிகளுக்கு நம்பிக்கை வர மூன்று நாள் ஆயிற்று,
அதுவரை முட்டை கொஞ்சம் இறக்கம்தான்.
குஞ்சுகளின் மூலையில் மட்டும்
பழைய பல்பு இரண்டை விட்டுவைத்தேன்.
ஜனவரிக் குளிரில் அதன் கீழேதான் குவிந்து தூங்கும்.
புது விளக்குக்கு வெளிச்சம் தெரியும்,
அணைக்கத் தெரியாது.

கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினேன்.
இருபத்தைந்து ஆம்பியர் ஓடிய இடத்தில்
மூன்று.
நம்பாமல் பேட்டரி மாற்றிப் பார்த்தேன்.
மூன்றேதான்.

மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம்
மார்க்கரால் அரபி எண்ணில் எழுதினேன்,
மேலே பழையது, கீழே புதியது.
வேறெதுவும் எழுதவில்லை.
தண்ணீர் லாரிக்குக் கையெழுத்துப் போட வந்த பூ நாசரிடம்
கதவைத் திறந்துவிட்டு
ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

படித்தார்.
பழக்கத்தில் விரல் எழுந்தது,
பெட்டியை நோக்கிப் பாதி தூரம் போனது,
தாடியைச் சொறிந்துவிட்டு இறங்கியது.
பார்ப்போம் என்றார்.
மூன்று கோடையில் முதல் முறையாக
வேறு வார்த்தை.

அது நேற்று.
இன்று காலை கொட்டகையிலிருந்து திரும்பினால்
எங்கள் அறைச் சுவரில்
அடுப்புக்கரியால் ஒரு நீள்சதுரம்.
சாணை அளந்து வரைந்திருக்கிறான்,
தண்ணீர் வடியும் குழாய்க்கு
ஓரத்தில் ஒரு ஓட்டை உட்பட.

இப்போது இரவு, முப்பத்தெட்டு டிகிரி.
ஷொஹிதுல் தொட்டியடிக்குப் போகவில்லை.
கட்டிலை இழுத்து
அந்தச் சதுரத்துக்கு நேராகத்
தலை வைத்துப் படுத்திருக்கிறான்,
போர்வையோடு.