பெட்டி முப்பத்தொன்று

சுங்கை பீசிக் கிடங்கின் தகரக் கூரையில்
மூன்று மணி மழை.
பகாங்கிலிருந்து வந்த லோரி போய்விட்டது.
நோர்ஹபிசாவும் நானும் பெட்டிகளை அடுக்குகிறோம்:
துளை ஏழு, பெட்டி இருபத்தொன்பது, முப்பது,
பிறகு முப்பத்தொன்று.
ஈரத்துணியால் துடைத்தால்
கல்லுக்கு முகம் வருகிறது.
கறுப்பு. அதற்குள் இன்னொரு கறுப்பு.

நூலில் கட்டிய காந்தத்தைத் தொங்கவிடுகிறேன்.
எண்பத்தாறாவது மீட்டர் வரை சும்மா ஆடுகிறது.
எண்பத்தேழில்
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திரும்பிச்
சடக்கென்று ஒட்டிக்கொள்கிறது.

காந்தத்துக்கு இரும்பைத் தெரியும்.
டைட்டானியத்தை அரைகுறையாகத்தான்.
வனேடியத்தைத் தெரியவே தெரியாது,
அது இரும்பின் வீட்டில்
வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.
வெளியே வர அமிலம் வேண்டும்.
குடுவையில் அது மஞ்சளாகும், நீலமாகும்,
பச்சையாகும், பிடிவாதம் பிடித்தால் ஊதாவும் ஆகும்.
அறிக்கையில் மட்டும்
புள்ளி நான்கு மூன்று.

முப்பத்தொன்றில் ஒன்றேகால் மீட்டர் இல்லை.
கல் கிடக்க வேண்டிய இடத்தில்
ஒரு மரக்கட்டை, அதன்மேல் மார்க்கர் எழுத்து.
துளையிட்ட லெட்சுமணனுக்குப் போன் போட்டேன்.
"தண்ணி அப்படியே உள்ள போயிருச்சுக்கா,
திரும்பி வரவே இல்ல.
கம்பி தானா இறங்குச்சு."

மிஸ்டர் லாவ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
மேலே நல்ல கல், கீழே நல்ல கல்,
நடுவில் சராசரி போட்டால் என்ன?
வெள்ளிக்கிழமை பணம் போடுகிறவர்கள் வருகிறார்கள்.
அவர் கெட்டவர் இல்லை.
என் மகளின் பல்லுக்குக் கம்பி கட்ட
சம்பள முன்பணம் தந்தவர்.

இந்த இடத்தின் பெயரே இரும்பாறு.
தோண்டி எடுத்ததோ வெள்ளீயம்.
அந்தக் குழி இன்று ஏரி,
ஏரிக்கரையில் ஹோட்டல், கலியாண போட்டோ.
இதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கட்டத்தில் எழுதினேன்: இழப்பு, 1.25.
பென்சிலில் அல்ல.
நோர்ஹபிசா தே ஓ வாங்கி வந்து
ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வைத்தாள்.

எல்.ஆர்.டி.யில் சாவியைத் தேடுகிறேன்.
கைப்பையின் அடியில் காந்தம்
சாவியையும் இரண்டு ஹேர்பின்னையும்
இழுத்து வைத்துக்கொண்டு
விடுவேனா என்கிறது.
பிய்த்தெடுக்கையில் நினைத்துக்கொள்கிறேன்,
அத்தனை தண்ணீரும்
எங்கே போயிருக்கும்?