ஏழாவது மாதம்

ரோலாவில் இரண்டாம் மாடி.
ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிற அறையில்
ரம்ஷீனா பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொரு தாளாகத் தட்டுகிறாள்.
வண்டி உங்க பேருக்கு மாறினா
பழைய பாலிசி அன்னிக்கே முடிஞ்சுடும் சேச்சி.
பதின்மூன்று மாதத்தில் ஏழு ஓடியாச்சு,
மிச்சத்துக்கு அவங்க பிடிச்சது போக
கொஞ்சம் திரும்பி வரும்.

யாருக்கு?

பாலிசியில இருக்கிற பேருக்கு.

பெயர் தோஹாவில் இருக்கிறது.
பணம் கட்டிய கார்டு என் பையில் இருக்கிறது.

நோ கிளைம் கடிதம் இருந்தால்
இருபது சதவீதம் குறையும் என்றாள் போன வாரம்.
பழைய கம்பெனியில் முஸ்தஃபா என்று ஒருவர்,
மூன்று தடவை போன் செய்தேன்,
மூன்று தடவையும் நாளைக்கு, இன்ஷா அல்லா.
நாலாம் நாள் காலை வந்தேவிட்டது.
முத்திரை கொஞ்சம் சாய்ந்திருந்தது.
ஜெபசிங் தேவதாசன் என்பவர்
ஐந்து ஆண்டுகளாக எங்களிடம் எதுவும் கேட்கவில்லை
என்று இதனால் சான்றளிக்கிறோம்.

உண்மைதான்.
ஜெபசிங்குக்குக் கம்பெனி பஸ்.
லோன் அவர் சம்பளத்தில் கிடைத்ததால் வண்டி அவர் பெயரில்.
நஹ்தாவிலிருந்து ஜெபல் அலி பெயின்ட் லேப் வரை
ஸ்டியரிங் பிடித்தது நான்.
பனிமூட்டத்தில் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கை
ஒரு கயிறு போலப் பிடித்துக்கொண்டு போனது நான்.
வெள்ளிக்கிழமைகளில் அவர் வலப்பக்க இருக்கையில்
போனில் பேசிக்கொண்டே
மெதுவா, மெதுவா என்பார், எனக்கா போனுக்கா தெரியாது.

சூப்பர்மார்க்கெட் டிராலி ஒன்று தானாக உருண்டு வந்து
பின்கதவை நசுக்கியது.
கிளைம் போட்டா தள்ளுபடி போயிடும் ஷெர்லின்.
இண்டஸ்ட்ரியல் ஐந்தில் குல்ஷேர் தட்டி நிமிர்த்தினான்,
இருநூற்று ஐம்பது திர்ஹம், டீயும் வாங்கிக் கொடுத்தான்.
ஏப்ரல் மழையில் சீட்டு வரைக்கும் தண்ணீர்.
மிதியடிகளைப் பால்கனியில் காயப்போட்டேன்.
மூன்று மாதம் காரில் ஊறிய அரிசி வாசனை.
அதற்கும் கேட்கவில்லை.
ஒரு தடவை சிக்னலில் பிக்கப் வந்து இடித்தபோது
போலீஸ் பச்சைத் தாள் கொடுத்தார்:
என் தப்பில்லை.
அதை இன்னும் டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்,
அப்படி எழுதித் தந்தவர் வேறு யாருமில்லை.

எதுவும் நடக்காமல் இருக்க
எவ்வளவோ நடந்தது.

தள்ளுபடி வண்டிக்கு இல்ல சேச்சி, ஆளுக்கு.
ஆள் நான்தானே?
லெட்டர்ல இல்லையே.

பழைய பாலிசியின் கடைசிப் பக்கத்தில்
சின்ன எழுத்தில் கூடுதல் ஓட்டுநர் என்று
என் பெயர் இருப்பதைக் காட்டினேன்.
பெயரில் ஓர் எழுத்து தப்பு.
கண்ணாடி அறைக்குள் எடுத்துக்கொண்டு போனாள்.
உள்ளே மேனேஜர் தலையை இந்தப் பக்கம் ஆட்டினார்,
அந்தப் பக்கம் ஆட்டினார்,
என்னைப் பார்த்தார், எதையோ அடித்தார்.
ஒரு வருஷம் தரலாம்னு சொல்றாங்க.
ஐந்துக்கு ஒன்று.
நூற்றுப் பதினெட்டு திர்ஹம் மிச்சம்.
கையெழுத்துப் போட்டேன்.

கீழே வந்து கதவைத் திறந்து
வெந்நீர் போலக் காற்று வெளியேறட்டும் என்று நின்றேன்.
ஓடோமீட்டரில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஆறு.
இதுவரைக்கும் அவருடையது.

போன் அதிர்ந்தது. தோஹா.
ரீஃபண்ட் அக்கவுண்டுக்கு வந்துடுச்சான்னு பாக்குறேன்.
அப்புறம் அந்த நோ கிளைம் லெட்டர்
ஸ்கேன் பண்ணி அனுப்பேன்,
இங்க ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன்.
அஞ்சு வருஷம் இருக்குல்ல, குறையும்.

இரண்டு முறை படித்தேன்.
கடிதத்தை நாலாக மடித்து
பச்சைத் தாளுக்கு அடியில் வைத்து டேஷ்போர்டை மூடினேன்.
சீட் பெல்ட்டின் இரும்பு சுட்டது.
ரிவர்ஸ் போடும் முன் பதில் அடித்தேன்:

நாளைக்கு, இன்ஷா அல்லா.