விடைத்தாள் 0417

பிரெஸ்டனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம்.
சலவை இயந்திரம் சுழல, சமையலறை மேசையில்
உன் கையெழுத்தைத் திரையில் பெரிதாக்குகிறேன்.
பெயர் தெரியாது. நான்கு இலக்கம் மட்டும்.

தானியச் சட்டம் ரத்தானதற்கு ரொட்டி விலைதான் காரணமா,
எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்கிறாய் என்பது கேள்வி.
தூரம் கேட்டார்கள், பிள்ளை.
நீ வாசலிலேயே நின்றுகொண்டு
வழியிலுள்ள ஊர்ப்பெயர்களை ஒப்பிக்கிறாய்.

அயர்லாந்துப் பஞ்சம் மிக முக்கியம்.
ஆலை முதலாளிகள் மிக முக்கியம்.
பிரதமரும் மிக முக்கியம்.
எல்லாருமே மாப்பிள்ளை என்றால்
தாலி கட்டுவது யார்?

ஒன்றைப் பிடி. மற்றதை அதோடு மோதவிடு.
எது விழுகிறது என்று பார்த்து எழுது.
1846 என்று மூன்று இடத்தில் போட்டிருக்கிறாய்,
ஓரிடத்திலாவது அது வேலை செய்யவேண்டாமா?

கடைசிப் பக்கத்தில்
கோடு போட்டு அடித்த ஒரு வரி:
‘விலை குறைந்தபின் யார்
கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று
இந்த ஆதாரத்தில் எங்குமே இல்லை.’

நாற்காலியை முன்னுக்கு இழுத்தேன்.

அதை அடித்துவிட்டு நீ
‘எனவே பல காரணங்கள் உண்டு’ என்று
பத்திரமாகக் கரையேறிவிட்டாய்.

அடித்ததற்கு மதிப்பெண் கிடையாது.
தாராளமாகப் போடுகிறேன் என்று ஆஷ்வர்த்
போன வாரமே மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.
பதினாறுக்கு ஒன்பது.

அழுத்தினேன். 0418 வந்துவிட்டது,
குண்டு குண்டான எழுத்தில், முதல் வரியிலேயே
‘மிக முக்கியம்.’
இயந்திரம் எப்போதோ நின்றிருக்கிறது.
ஈரத்துணி உள்ளேயே கிடக்கிறது.
இந்தத் திரையில்
பின்னால் போகப் பொத்தான் வைக்கவில்லை.