முப்பத்தோரு வீடு, ஒரு தொல்லை

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
தட்டச்சும் ஜெராக்ஸும் போடும் கடையில்
பதினோரு வருடமாக இருக்கிறேன்.

டிராக்டர் ஓட்டும் சன்னாசி கொண்டுவந்தார்
கம்பெனி வக்கீலின் கடிதத்தை.
மூன்றாம் பத்தி, இரண்டாம் வரி:
தி ஆக்குபன்ட்ஸ் ஆர் எ நியூசன்ஸ்.

"நாங்க முப்பத்தோரு வீடும்மா.
எப்படி ஒரே ஒரு தொல்லையா ஆனோம்?"

இலக்கணப்படி சரிதான் என்றேன்.
எழுவாய் எத்தனை பேராய் வந்து நின்றாலும்
வகையின் பெயர் ஒருமையில் இருக்கலாம்.
எலிகள் ஒரு தொல்லை.
செம்பனைகள் ஒரு முதலீடு.
சொல்லிக்கொண்டே வரும்போது
என் நாக்கு எனக்கே பிடிக்காமல் போனது.

அந்த 'எ'யின் மேல்
கிரீஸ் ஏறிய நகத்தை வைத்தார்.
"இத்தனூண்டு எழுத்து."

பதில் எழுத உட்கார்ந்தோம்.
மொத்தம் எத்தனை?
"நூத்தி நாலு பேர்.
மதுராம்பா மகளுக்கு வெள்ளிக்கிழமை பொறந்ததைச் சேர்த்தா அஞ்சு.
அதுக்கு இன்னும் பேர் வைக்கல."

வீட்டை வெறுமனே எண்ணுகிறோம், மாட்டையும்:
பத்து வீடு, நாலு மாடு.
ஆளை எண்ணத்தான்
பேர் கேட்கிறது தமிழ்.
இத்தனை நாள் வாயில் இருந்தும்
நான் கவனிக்கவில்லை.

வீ என்று தொடங்கிய வாக்கியத்தை அழித்தேன்.
அவர் சொல்லச் சொல்ல
மூன்று பக்கம் பெயர்களாகவே ஓடியது.
ஒரு சரஸ்வதிக்கு அடையாள அட்டை எண் தெரியவில்லை,
போன் போட்டுக் கேட்டார்.

நூற்றைந்து என்று எண் போட்டு
பக்கத்தில் இடம் விட்டேன்.
அந்த இடத்தில் மடிப்பு விழாமல்
மடித்து எடுத்துப் போனார்.