இருபதாம் சலவை

மூன்று மாதமாகக் காலுறை துவைக்கிறேன்.
தார்த்து நகரச் சோதனைக்கூடத்தில்,
வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு,
நாற்பது டிகிரி வெந்நீரில், வாசனையில்லாத சோப்பில்.
முனைவர் பட்டம் இதற்குத்தானா என்று
பார்னுவிலிருந்து போனில் சிரிக்கிறான் தம்பி.

எல்லாம் கலீனாவால் வந்தது.

நார்வாவில், நாற்றம் பிடிக்காத காலுறை பின்னும் ஆலை.
தொழிலாளர்களுக்கு இரண்டு மணி நேர வகுப்பு.
மாரிக்கா தோவர் திரையில் காட்டினாள்:
ஒரு மயிரிழையின் அகலத்தில்
எட்டாயிரம் வெள்ளித் துகள் வரிசையில் நிற்கும்.
யூலர் கங்ரோ தலைநகரத்து அதிகாரி.
ஆண்டுக்கு ஒரு டன்னைத் தாண்டினால் பதிவு, என்று
பிரிவு எண்ணோடு வாசித்தார்.
சாயப்பிரிவுக் கலீனா
கையுறையைக் கழற்றாமலே கை தூக்கினாள்.
"இருபது தடவை துவைத்த பிறகு
வெள்ளி எங்கே போகிறது?"

ரஷ்ய மொழிக் கேள்வி எஸ்தோனியத்துக்கு வந்து சேர்ந்ததும்
மாரிக்கா யூலரைப் பார்த்தாள்.
யூலர் தண்ணீர் குடித்தார்.

பதினோரு வருடக் கடிதச் சண்டை அவர்களுடையது.
அவள் எண்ணிக்கையில் பேசுவாள், அவர் எடையில்.
எடை மூட்டைகளின் மொழி;
சர்க்கரைக்கும் சிமென்ட்டுக்கும் அது போதும்.
ஒரு கிராம் வெள்ளியை
இம்மியிலும் இம்மியாக உடைத்துப் பாருங்கள்,
தராசு முள் அசையாது.
மேற்பரப்போ பாயாக விரியும்:
ஐம்பத்தேழு சதுர மீட்டர்.
என் வாடகை வீடு நாற்பத்தொன்றுதான்.

துவைத்த நீரை நீர்த்தெள்ளுகளுக்குக் கொடுக்கிறோம்.
கண்ணாடி உடம்பு;
முதுகில் இதயம் துடிப்பது வெளியே தெரியும்.
ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வந்த கலீனா
நுண்ணோக்கியில் குனிந்து,
உதடு அசைய எண்ணினாள்.
பதினைந்து நொடியில் எழுபத்தொன்று.
மாரிக்காவின் கணக்கில் அறுபத்தேழு.
இரண்டையும் எழுதிவைத்தேன்.
"இது பயந்திருக்கிறதா?" என்று கேட்டாள்.
அதற்கு எங்களிடம் அலகு இல்லை.

யூலரும் அன்று வந்திருந்தார், கோட்டைக் கழற்றாமல்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.
பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்து,
'அளவு, கிலோவில்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில்
பென்சிலால் இன்னொரு கட்டம் வரைந்தார்.
கோணல் கட்டம். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.
மேலிடத்தில் அழித்துவிடுவார்கள், என்றார்.
பேனா தரட்டுமா, என்றாள் மாரிக்கா.
பேனாவுக்கு எனக்கு அதிகாரமில்லை, என்றார் அவர்.
இருவரும் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இது ஆறாவது ஜோடி, பத்தொன்பதாம் சலவை.
நீர் தெளிவாகத்தான் இருக்கிறது,
சன்னலுக்கு வெளியே எமயொகி ஆறு தெரிகிற அளவுக்கு.
குப்பியில் தேதி ஒட்டுகிறேன்.

கலீனா செய்தி அனுப்பியிருக்கிறாள்:
அந்தக் கட்டத்துக்குப் பேர் வைத்தாயிற்றா?

இன்னும் இல்லை.
ஒரு சலவை பாக்கி.